விமானம் வாங்கலாமா, அக்கா?

"சித்தி, ஒரு ஆகாய விமானம் என்ன விலை இருக்கும்?"

கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்பது போல இந்தக் கேள்வியைக் கேட்டவள் என் பெரியம்மா மகளின் பெண். பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். இடம், அல்லிநகரத்தில் அவர்கள் வீட்டு மொட்டை மாடி. வீரபாண்டித் திருவிழாவுக்கென்று நான் போயிருந்தேன். தேனி என்று உலகம் அழைக்கும் பட்டணத்தின் பழைய பாதிதான் அல்லிநகரம். நகராட்சியின் பெயரில் இன்றைக்கும் இரண்டு ஊரும் சேர்ந்தே இருக்கின்றன. மாடியில் நின்றால் மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். அன்று அந்த மலைக்கு மேலே ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்துத்தான் கேள்வி பிறந்தது.

வடகம் எடுத்துக்கொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இவளுக்கு இதே பேச்சுதான், நீயாவது நாலு வார்த்தை சொல்லேன். பிளேன் ஓட்டப் படிக்கப் போறாளாம். அப்புறம் சொந்தமா ஒண்ணு வாங்குவாளாம். நான் இவளுக்குன்னு சேர்த்து வச்சிருக்கிறது பதினெட்டுப் பவுன். அதை வித்து ஆகாசத்துல விடச் சொல்றா."

நேயர்களே, பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று உறவினர்கள் நம்புகிறார்கள். நல்ல வேளையாக விமானங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். ஆகையால் விலையைச் சொன்னேன்.

உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் செஸ்னா 172. நாலு பேர் உட்காரலாம். 1955-ல் முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கும் அதிகமாகச் செய்திருக்கிறார்கள். இன்று புதிதாக ஒன்று வாங்க வேண்டுமானால் நாலு லட்சம் டாலருக்கு மேல் ஆகும். நம் கணக்கில் மூன்று கோடி ரூபாயைத் தாண்டும்.

அக்காவின் கை வடகத்தட்டிலேயே நின்றுவிட்டது. "பதினெட்டுப் பவுனுக்கு அதோட சக்கரம்கூட வராது போலிருக்கே!"

பெண் விடவில்லை. "பழசு வாங்கலாமில்ல, சித்தி? மாமா பழைய கார்தானே வாங்கினாரு?"

வாங்கலாம். ஐம்பது வயதான செஸ்னாக்கள் இன்றும் சௌக்கியமாகப் பறந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தச் சௌக்கியத்தின் ரகசியத்தில்தான் செலவெல்லாம் ஒளிந்திருக்கிறது. பசு வாங்குகிறவன் பசுவின் விலையை மட்டும் பார்த்தால் போதுமா? தீவனம், கொட்டில், வைத்தியர் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டாமா? விமானம் அதைவிடக் கண்டிப்பான பசு. பால் கறக்காத நாளிலும் அது தின்றுகொண்டே இருக்கும்!

சிறு விமானத்தின் இஞ்சினுக்கு ஆயுளை மணிக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். செஸ்னாவில் உள்ளது போன்ற இஞ்சின் சுமார் 2,000 மணி நேரம் ஓடியதும் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டாமல் பத்திரமாக நிறுத்தி வைத்தாலும் தப்பிக்க முடியாது. பன்னிரண்டு வருஷம் ஆனால் பிரித்துவிடுங்கள் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். சும்மா கிடக்கும் இஞ்சினுக்குள் ஈரம் புகுந்து துரு ஏறும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். அந்தப் புதுப்பிக்கும் செலவுக்கு நல்ல கார் ஒன்று வாங்கிவிடலாம். இது தவிர ஐம்பது மணிக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுவது, நூறு மணிச் சோதனை, வருஷச் சோதனை என்று வரிசையாக உண்டு. சோதித்துக் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற இன்ஜினீயர் வேண்டும். தெருமுனை மெக்கானிக் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்து செல்லாது. ஒரு திருகாணி தொலைந்தால்கூடக் கடைவீதிக்குப் போய் அதே அளவில் ஒன்று வாங்கி மாட்ட முடியாது. எங்கே செய்தது, யார் சோதித்தது என்ற சான்றோடு வந்த திருகாணிதான் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் பதிவுப் புத்தகம் உண்டு. விமானம் வாங்குகிறவர்கள் விமானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகம் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்றாள் அக்கா.

அப்படியா? விமானத்தைக் கிளப்புவதற்கு முன் விமானி செய்யும் காரியங்களைக் கேளுங்கள். நம் வீட்டு அடுப்படி ஞாபகம்தான் வரும்.

முதல் காரியம், பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது. பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே சோதனை. ராத்திரிப் பனியில் தொட்டிக்குள் வியர்த்து நீர் சேரும். தண்ணீர் கனமானதால் அடியில் தங்கும். சிறு விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் இருந்தால் நீலத்துக்கு அடியில் தனியாக நிற்கும். அதை வடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இல்லாவிட்டால் நடுவானில் இஞ்சின் இருமும்.

அடுத்தது, குளவிக் கூடு. இறக்கைக்கு அடியில் விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் புகும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டுதான் வேகம் காட்டும் முள் நகருகிறது. மண் குளவிக்கு அந்தத் துவாரம் மிகவும் பிடித்தமானது. நம் வீட்டுச் சாவித் துவாரத்தை அடைப்பது போல அதையும் அடைத்துவிடும். அப்புறம் முள் பொய் சொல்லும். ஆகவே விமானத்தை நிறுத்தியதும் அந்தக் குழாய்க்கு உறை மாட்ட வேண்டும். புறப்படும்போது மறக்காமல் கழற்ற வேண்டும். இஞ்சின் மூடிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறதா, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு பொறிக்கட்டை. கார் இஞ்சினில் ஒரு சிலிண்டருக்குச் சாதாரணமாக ஒன்றுதான் இருக்கும். விமானத்தில் இரண்டு. நாலு சிலிண்டருக்கு எட்டு. அவற்றுக்குத் தீப்பொறி கொடுக்கும் யந்திரமும் இரண்டு. ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். புறப்படுமுன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று தெரிந்த பிறகே கிளம்புவார்கள்.

பொறிக்கட்டை என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே குறித்த காலத்துக்குள் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். (இது ஆங்கில நாணயப் பவுன், அக்காவின் பவுன் இல்லை!) போட்டியிட்டவர்களில் ஒருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியாவில் விமானி உரிமம் பெற்றவர். உரிமத்தின் எண் 1. சொந்தமாக ஜிப்ஸி மாத் விமானம் வைத்திருந்தார். கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டவர் எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இறங்கினார். எதிர்த் திசையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்பி இன்ஜினீர் என்ற இளைஞர் அங்கே தவித்துக்கொண்டிருந்தார். காரணம், பொறிக்கட்டை கெட்டுவிட்டது, மாற்று இல்லை. டாட்டா தம்மிடம் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று! அந்த ஆஸ்பிதான் பிற்பாடு 1960-ல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார். டாட்டா 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நம் நாட்டு விமானப் போக்குவரத்து அப்படித்தான் ஆரம்பமாயிற்று. மாற்றுச் சாமான் ஒன்று கையில் வைத்திருப்பதும், அதை மனம் கோணாமல் எடுத்துக் கொடுப்பதும் எவ்வளவு பெரிய விஷயம், பார்த்தீர்களா?

"இஞ்சின் நின்னு போச்சுன்னா கல்லு மாதிரி விழுந்துடாதா?" என்று அக்கா கேட்டாள். குரலில் கேலி இல்லை. இந்த ஒரு கேள்விதான் இத்தனை நாளாக அவள் மனசுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

விழாது. இறக்கை இருக்கிறது; பருந்து மாதிரி சறுக்கிக்கொண்டு வரும். செஸ்னா போன்ற விமானம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும்போது இஞ்சின் நின்றால் காற்றில்லாத நாளில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் சறுக்கிப் போய் இறங்க இடம் தேடலாம். அப்படி இறங்குவதைப் பயிற்சியிலேயே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். ஆனால் ஆபத்து இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மலைக்கு இரு பக்கமும் காற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆனி ஆடியில் மேற்கே மலையைத் தாண்டி விழுகிற காற்று, தேனி ஜில்லாவில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, ஒரு சிறு விமானத்தைக் கீழே அழுத்தவும் வல்லது. வானிலை சரியில்லை என்றால் "இன்றைக்கு வேண்டாம்" என்று திரும்பி வரத் தெரிந்தவர்தான் நல்ல விமானி.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தேனியில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் உள்ளது மதுரைதான். ஆகவே விமானத்தில் ஏற வேண்டுமானால் முதலில் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும்! விமானத்துக்கு அங்கே நிறுத்தக் கூலி, கொட்டகை, காப்பீடு எல்லாம் உண்டு. மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். அதுவும் பெரிய விமானங்கள் குடிக்கும் மண்ணெண்ணெய் வகை உதவாது. தனி ரகம் வேண்டும். அதை நம் நாடு வெகு காலம் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் கம்பெனி வடோதராவில் உள்ள தன் ஆலையில் செய்து விற்க ஆரம்பித்தது. செலவை ஈடுகட்ட நாலு பேரை ஏற்றிக்கொண்டு கூலி வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த விமானத்தில் அது கூடாது.

பழசைப் புதுசாக்குவதும் லேசான வேலை இல்லை. வட்ட வட்டமான முள் கடியாரங்களை எடுத்துவிட்டு, எல்லாம் ஒரே திரையில் தெரிகிற மின் கருவிகளை வைக்கிறார்கள். ஆபத்தில் கூப்பிடும் ரேடியோவையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய அலைவரிசையைச் செயற்கைக் கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டன. ஆனால் எதை மாற்றினாலும் அனுமதி வேண்டும். மாற்றிய பிறகு விமானத்தைத் தராசில் ஏற்றி எடை போட வேண்டும். எடை எங்கே கூடிற்று, எங்கே குறைந்தது என்று பார்த்து நடுநிலைப் புள்ளியைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். மூக்குப் பக்கம் கனத்தாலும் வால் பக்கம் கனத்தாலும் அது சொன்னபடி கேட்காது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகு பெண்ணின் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அக்காவோ ஜெயித்துவிட்ட மாதிரி வடகத்தைப் பானையில் போட்டு மூடினாள். ஆகையால் நான் மேற்கே இருந்த மலையைக் காட்டி அந்தப் பக்கத்துச் சமாசாரத்தைச் சொன்னேன்.

மலைக்கு அந்தப் புறம் இடுக்கி ஜில்லாவில் தட்டக்குழை என்று ஒரு கிராமம். அங்கே சஜி தாமஸ் என்று ஒருவர். பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேசாதவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். சிறு வயதில் ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்தார். மனத்தில் ஒரு பித்துப் பிடித்துக்கொண்டது. கூலிக்கும் கிடைத்த வேலைக்கும் போய், மிச்சம் பிடித்து, பழைய சாமான்களைத் தேடிச் சேர்த்து, பல வருஷங்கள் பாடுபட்டு இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். மலையும் ரப்பருமாக இருக்கிற ஊரில் ஓடுபாதைக்கு எங்கே போவது? 2014-ல் அது நம் தமிழ்நாட்டுக்கு வந்து, திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்தில், ஓய்வு பெற்ற விமானப் படை அதிகாரி ஒருவரின் உதவியோடு பறந்தது. தாம் செய்த இஞ்சினின் சத்தத்தை அவரால் கேட்க முடியாது, நேயர்களே. அது மேலே எழும்பியதைக் கண்ணால் பார்த்தார். அவர் வாழ்க்கையை வைத்து 2017-ல் 'விமானம்' என்று ஒரு மலையாளப் படமும் வந்தது.

பம்பாயில் அமோல் யாதவ் என்ற விமானி, காந்திவலியில் தாம் குடியிருந்த கட்டடத்து மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் அதைக் கீழே இறக்கிக் கண்காட்சியில் வைத்தார்கள். அதைப் பதிவு செய்து தரும்படி அலைந்தது தனிக் கதை. 2017-ல் பதிவு கிடைத்தது. 2020-ல்தான் வானத்தில் எழும்பிற்று.

"மொட்டை மாடியிலயா!" என்று அக்கா வடகத் துணியையும் சுற்றுச் சுவரையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

இதெல்லாம் புதுப் பித்தும் இல்லை. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ல் முதன் முதலில் பறந்தார்கள். ஏழு வருஷம் ஆகுமுன்பே, 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்ஸன் கம்பெனியைக் கொண்டு தமக்கென்று ஒரு விமானம் செய்வித்து, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, தீவுத் திடலில் ஜனங்களுக்குப் பறந்து காட்டினார்.

"எல்லாம் ஆம்பளைங்களாவே சொல்றியே" என்று இப்போது கேட்டது அக்காதான்! நானோ, பெண்ணோ இல்லை.

அதற்கும் பதில் இருந்தது. 1936-ல் லாகூரில் ஸரளா துக்ரால் என்ற பெண்மணி புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 21. வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருந்தது. நம் பக்கத்திலோ உஷா சுந்தரம். 1949-ல் பெங்களூர் ஜக்கூரில் உள்ள அரசாங்க விமானப் பள்ளியில் தேறிய முதல் பெண் அவர். 1951-ல் சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் என்ற சிறு விமானத்தை அவரும் அவர் கணவர் கேப்டன் சுந்தரமும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துக்குள் ஓட்டி வந்து சாதனை செய்தார்கள். பிற்காலத்தில் சென்னையில் வாயில்லா ஜீவன்களுக்காக புளூ கிராஸ் சங்கத்தை 1959-ல் ஆரம்பித்ததும் இதே குடும்பம்தான்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, வாங்க வேண்டாம். ஓட்ட மட்டும் கத்துக்கிட்டா?" என்றாள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது, சகோதரிகளே. விமானம் சொந்தமாக வைத்திருப்பது வேறு, பறப்பது வேறு. சொந்த விமானி உரிமத்துக்குப் பதினேழு வயது நிரம்பியிருந்தால் போதும். வைத்தியப் பரிசோதனை உண்டு, எழுத்துப் பரீட்சை உண்டு, குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதைத் தொழிலாகச் செய்ய 200 மணி நேரம் வேண்டும்; அதற்குச் செலவு அதிகம், கடன் வாங்கிப் படிப்பவர்கள் அநேகம். ஆனால் முதல் படி அவ்வளவு செலவில்லாமலும் ஏறலாம். என்.சி.சி.யில் விமானப் பிரிவு இருக்கிறது, பெண்களையும் சேர்க்கிறார்கள். அல்லிநகரத்துக்குத் தென்மேற்கே, கம்பம் தாண்டி, குமுளி மலையேறி, வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர் பயிற்சிக்கென்றே 650 மீட்டர் நீளத்தில் ஓடுபாதை ஒன்று போட்டார்கள். 2022 ஏப்ரலில் இறங்க முயன்ற விமானத்துக்குப் பக்கத்து மேடு தடையாக இருந்தது. அந்த ஜூலை மழையில் பாதையின் ஒரு பகுதி சரிந்து போயிற்று. அப்படியும் விடாமல் சரி செய்து, 2022 டிசம்பர் 1-ல் வைரஸ் என்ற இரண்டு பேர் விமானம் முதன் முதலில் அங்கே இறங்கிற்று. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது தும்மல் தரும் வைரஸ் இல்லை!

பவுனை விற்றுவிடு என்று நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அது என் பவுனும் இல்லை. பதினெட்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்தவளுக்குத்தான் அதன் கனம் தெரியும். பெண்ணிடமும் ஒன்று சொன்னேன். காலேஜில் சேர்ந்து, என்.சி.சி.யில் ஒரு வருஷம் இருந்து பார். அதிகாலை எழுந்து, தொட்டியிலிருந்து பெட்ரோல் பிடித்துப் பார்க்கிற பொறுமை, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்கிற தைரியம், இரண்டும் உனக்கு வருகிறதா என்று உனக்கே தெரிந்துவிடும். வந்தால் அம்மாவிடம் பேச உனக்கு வாய் இருக்கும். வராவிட்டால் பவுன் மிச்சம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் மலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பினேன். பஸ் நிலையம் வரை வந்த அக்கா, வடகப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"அந்தச் சத்திரங்கிற இடத்துக்குக் குமுளியிலேருந்து பஸ் இருக்கா? வேடிக்கை பார்க்க விடுவாங்களா?"

விடுவார்களா என்று விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தால், விலையைக் கேட்டதும் சிரித்துவிடாதீர்கள். உட்கார வைத்துக் கணக்குச் சொல்லுங்கள். கணக்கைக் கேட்ட பிறகும் அவள் அண்ணாந்து பார்த்தால், அப்போது யோசிக்கலாம்.